பன்னிரண்டு நிமிட அழுகை

எங்கள் முதியோர் இல்லத்தில் ஒருவருடைய அந்தஸ்தை அவர் விழுங்கும் மாத்திரைகளின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. காலை எட்டு மணிக்கு மருந்து வண்டி கட்டில் கட்டிலாக வரும்போது, அடுத்தவர் கிண்ணத்தில் எத்தனை விழுகிறது என்று எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். மாடியறையில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு. அவர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தால் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலியை யாராவது காலி செய்து கொடுப்பார்கள். எனக்கு ஒன்றே ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு, கடுகு அளவு. அதை வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் கேட்டால், "ஏதோ கொடுக்கிறார்கள்" என்று பொதுவாகச் சொல்லிச் சமாளிப்பேன்.

நான் குஷாய்குடா பக்கத்தில் இருக்கும் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வந்த மாப்பிள்ளைகளில் ஒருவர்கூடப் பரிசோதனையில் தேறவில்லை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏற முடியாமல் போனதும், நானாக விசாரித்து, நானாக ஆட்டோ பிடித்து, குஷாய்குடாவிலேயே இருக்கும் இந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்தேன். இதை யாரும் நம்புவதில்லை. நன்றிகெட்ட மகன் ஒருவனை நான் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதுதான் இங்கே பொதுக் கருத்து. சேர்க்கைப் படிவத்தில் பொறுப்பாளர் கையெழுத்து என்ற இடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். போன வருடம் என் ஒரே அண்ணன் இறந்தபோது நான் அழவில்லை. எங்கள் சபையில் துக்கத்தை நான்கு குரல்களில் சுருதி பிசகாமல் பாடிவிட்டு, வெளியே வந்து டீயும் சமோசாவும் சாப்பிடுவோம். அடக்க ஆராதனைக்கு அச்சடித்த தாளில் மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன. பெட்டியை மூடும்போது நான் பேனாவை வைத்துக்கொண்டு பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். உறவினர்கள் என் மன உறுதியை ரொம்பவும் பாராட்டினார்கள்.

இப்போது எங்கள் இல்லத்தின் முகப் பட்டியலுக்கு வருகிறேன். நர்ஸ் மேசைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய அட்டவணை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். மாலை ஐந்து மணிக்கு ஆயாம்மா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து அந்தக் கட்டத்தில் ஒரு முகத்தை ஒட்டுவாள். சிரிக்கும் பச்சை முகம், வாய் நேர்கோடாக இருக்கும் மஞ்சள் முகம், வாய் கவிழ்ந்த சிவப்பு முகம். உடனே அதைப் போட்டோ எடுத்துப் பிள்ளைகளின் போனுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று போன் செய்து கேட்கிற சிரமம் பிள்ளைகளுக்கு இல்லாமல் போய்விட்டது. தொடர்ந்து மூன்று நாள் மஞ்சள் விழுந்தால், வியாழக்கிழமை வருகிற டாக்டரிடம் சொல்வார்கள். டாக்டர் எங்கள் அத்தனை பேரையும் முக்கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுகிற திறமைசாலி.

இந்த ஏற்பாட்டை நான் எதிர்த்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எதிர்க்கவில்லை. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப் போயிற்று. கட்டம் போட்ட காகிதத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஒரு மரியாதை வரும். கடைசியில் குறிப்பு எழுத ஒரு பத்தி விட வேண்டும் என்று மேனேஜருக்கு யோசனை சொன்னதே நான்தான். அவர் அடுத்த மாதமே அதைச் சேர்த்து அச்சடித்துவிட்டார்.

இல்லத்துக்காரர்கள் சீக்கிரமே தேறிவிட்டார்கள். நாலே முக்காலுக்கு மேல் இங்கே யாருக்கும் முட்டி வலிக்காது. பேராசிரியர் கண்ணாடி முன்னால் நின்று ஒருதரம் சிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். ஆயாம்மா போனதும் அவரவர் பழைய முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வோம்.

இப்படி எல்லாம் பச்சையாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் அறையின் இரண்டாவது கட்டிலுக்கு அந்த அக்கா வந்து சேர்ந்தாள். கோவில்பட்டிப் பக்கம். என்னைவிட நான்கு வயது மூத்தவள், எழுபத்தாறு. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகன் மாதாப்பூரில் ஐ.டி. வேலை, பத்தொன்பதாவது மாடியில் வீடு. வந்து பை இறக்கியதும் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டாள். செகந்திராபாத் என்றேன். அது சரி, சொந்த ஊர் எது என்றாள். அதுதான் என்றேன். பையிலிருந்து கருப்பட்டி மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். அனாதைக்குக் கொடுப்பதுபோல் இருந்தது.

அவளுக்கு நாலு மாத்திரை. என்னைவிட மேல்.

அவள் ஏன் பத்தொன்பதாவது மாடியிலிருந்து இறங்கி வந்தாள் என்பது முதல் நாள் மதியமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டரை மணி. நான் தூங்கப் போகிற நேரம். அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், கொண்டையை அவிழ்த்துவிட்டாள், முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள், ஆரம்பித்தாள். ஒப்பாரி. செத்த வீட்டில் பாடுவார்களே, அது. எங்கள் பக்கத்தில் யாரும் பாடிக் கேட்டதில்லை. நான் எழுந்து உட்கார்ந்து, யார் போய்விட்டார்கள் என்று கேட்டேன். அவள் காதில் விழவில்லை. அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"பூட்டிவச்ச பீரோவுக்குச் சாவியெங்கன்னு சொல்லலியே,
மாட்டிவச்ச சட்டையெல்லாம் தேடித்தேடிப் பாத்தனே,
மிக்ஸி வாங்குன ரசீதையும் மறச்சுவச்சுப் போனீகளே,
ரிப்பேர்காரன் கேக்கையில நா என்னத்தச் சொல்லுவேன்..."

பாதி அழுகை, பாதி புகார். நடுநடுவே மகனுக்கும் விழுந்தது. மருமகளுக்குத் தனியாக நாலு அடி இருந்தது. பிறகு, பாட்டை யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் நிறுத்தினாள். முகத்தைத் துடைத்தாள். கொண்டையைப் போட்டாள். என்னைப் பார்த்து, "ஏட்டி, இங்க டீ எத்தன மணிக்குத் தருவா?" என்றாள்.

தினமும் இதேதான். அழுது முடித்ததும் அவளுக்கு நல்ல பசி எடுக்கும். டீயோடு நாலு பிஸ்கட் சாப்பிடுவாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் கூடத்துக்குப் போய்த் தெலுங்கு சீரியல் பார்ப்போம். அவளுக்குத் தெலுங்கு தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். என் மொழிபெயர்ப்பில் அவளுக்கு நம்பிக்கையே கிடையாது. "அவ மூஞ்சியப் பாத்தா அப்படிச் சொன்ன மாதிரித் தெரியலியே" என்பாள். வில்லி வந்தால் திரையைப் பார்த்துச் சவம், மூதி என்று திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மகன் மாதாப்பூரிலிருந்து வீடியோவில் வருவான். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் நேரிலேயே வரலாம். ஆனால் வீடியோவில் வந்தால் செருப்பைக் கழற்ற வேண்டாம் பாருங்கள். "அந்தத் தாடியச் செரச்சிட்டு வால, பொறவு பேசுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பேச ஆரம்பிப்பாள்.

அந்தப் பத்தொன்பதாவது மாடியில் நடந்ததையும் அவளே சொன்னாள். அங்கே முதல் நாள் பாடியபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் குடியிருப்போர் சங்கத்தின் குழுவில் செய்தி போட்டார்கள். மூன்றாம் நாள் செக்யூரிட்டி வந்து மணி அடித்தான். மகனுக்குத் தலை காட்ட முடியவில்லை. "அழுகதுக்குக்கூட அங்க பெர்மிசன் வாங்கணும் போல" என்று அவள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் மதியத் தூக்கத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் நான் அதைச் செய்தேன். வரவேற்பு மேசையில் ஒரு ஆலோசனைப் புத்தகம் இருக்கும். அதில் மற்றவர்கள் சாம்பாரில் உப்பில்லை என்று எழுதுவார்கள். நான் தொழில் தெரிந்தவள் அல்லவா, பக்கம் முழுவதும் கட்டம் போட்டேன். குறைபாட்டின் தன்மை: உரத்த அழுகை. நிகழும் நேரம்: தினமும் மதியம் இரண்டரை. நீடிக்கும் நேரம்: சராசரி பன்னிரண்டு நிமிடம், ஆறு நாள் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தது. வெளிப்படையான காரணம்: இல்லை. மீண்டும் நிகழும் வாய்ப்பு: உறுதி. கீழே கோடு போட்டு என் கட்டில் எண்ணை எழுதினேன். இவ்வளவு சுத்தமான அறிக்கை அந்த இல்லத்தின் சரித்திரத்திலேயே கிடையாது. மேனேஜர் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். அக்காவுக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. டாக்டருக்குத் தமிழ் தவிர எல்லாம் தெரியும். அவர் என் அறிக்கையைப் படித்தார், தலையை ஆட்டினார், எழுதினார். மகன் போனிலேயே சம்மதம் சொல்லிவிட்டான். மறுநாள் முதல் மதியம் ஒரு மணிக்கு அக்காவின் கிண்ணத்தில் வெள்ளையாக ஒரு அரை மாத்திரை விழுந்தது. இரவுக்கு இன்னொரு அரை.

இரண்டரை மணி வந்தது. அக்கா உட்கார்ந்தாள். கொண்டையில் கை வைத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு படுத்துவிட்டாள்.

அந்த வாரம் என்னை மாதிரித் தூங்கியவர் குஷாய்குடாவில் யாருமில்லை. அட்டவணையில் அக்காவின் வரிசை பச்சைப் பசேல் என்று போயிற்று. மகன் மகிழ்ந்து இல்லத்துக்கே பெரிய பெட்டி பிஸ்கட் அனுப்பி வைத்தான். மேனேஜர் என்னைக் கண்டால் நின்று நமஸ்காரம் சொன்னார். நான் ஓய்வுபெற்றாலும் என் கை ஓய்வுபெறவில்லை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டாவது வாரம் அந்த பிஸ்கட்டில் ஒன்றை அக்காவிடம் நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது டீயில் விழுந்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சீரியல் பார்க்கக் கூப்பிட்டால் வந்தாள். வில்லி வந்தாள், பாலில் விஷம் கலந்தாள். பக்கத்தில் சத்தமே இல்லை. எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன்: அக்கா, இவள்தான் நல்லவளாம், மருந்து கலந்து கொடுத்து எல்லோரையும் காப்பாற்றுகிறாளாம். பழைய அக்காவாக இருந்தால் என் மொழிபெயர்ப்பையும் என்னையும் சேர்த்து வெளியே எறிந்திருப்பாள்.

"சரி" என்றாள்.

எல்லாவற்றுக்கும் இப்போது சரிதான். குளிக்கலாமா, சரி. இட்லி ஆறிவிட்டது, சரி. நடக்கும்போது காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். வாயோரம் ஈரம் இறங்கினால் துடைக்கத் தோன்றவில்லை. இதைப் பார்த்து ஆயாம்மா தினமும் பச்சை முகம் ஒட்டினாள். அவளையும் குறை சொல்ல முடியாது. அழவில்லை, திட்டவில்லை, கேள்வி கேட்கவில்லை. சந்தோஷம் என்பதற்கு அட்டவணையில் வேறு அடையாளம் எதுவும் கிடையாது.

நான் பயந்துவிட்டேன். இதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் நூற்றுக்கணக்கான பொருட்களை நிராகரித்து ஓரம் கட்டியிருக்கிறேன். அவையெல்லாம் பேசாத பொருட்கள். முதல்முறையாகப் பேசுகிற ஒன்றின் மேல் நிராகரிப்புச் சீட்டை ஒட்டியிருந்தேன், அது பேச்சை நிறுத்திவிட்டது.

மேனேஜரிடம் போய் என் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். திரும்பப் பெறுவதற்குப் புத்தகத்தில் இடமில்லை என்றார். மேலும், பதினாறு நாள் தொடர்ந்து பச்சை. இந்த நேரத்தில் அதைக் கெடுப்பானேன் என்று என்னையே திருப்பிக் கேட்டார். டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னிடம், உங்களுக்குத் தூக்கம் எப்படி இருக்கிறது என்று அன்பாக விசாரித்தார். என் கட்டத்தில் அன்று மஞ்சள் விழுந்தது. நர்ஸ்தான் கொஞ்சம் மனுஷி. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்ட மகன் கேட்டால்தான் மருந்தை மறுபடி பரிசீலிப்பார்கள், நீங்கள் எவ்வளவு கத்தினாலும் நடக்காது, கத்தினால் உங்களுக்கும் அரை எழுதுவார்கள் என்று சொன்னாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வீடியோவுக்குள் நான் தலையை நுழைத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்துவிட்டேன். அந்தப் புகார் எழுதியது நான்தான், தப்பு செய்துவிட்டேன் என்றேன். மகன் என்ன சொன்னான் தெரியுமா? அந்தப் பக்கத்தை மேனேஜர் அவனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாராம். அறிக்கை ரொம்பத் தெளிவாக இருந்ததாம். அவனுடைய டீமில் ஒருவர்கூட இப்படி எழுதுவதில்லையாம்.

அம்மாவுக்கு அதைக் காட்டினீர்களா என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றான்.

"ஆண்ட்டி, அம்மா இப்பத்தான் நிம்மதியா இருக்காங்க. எங்களுக்கும் இப்பத்தான் மூச்சு விட முடியுது."

அவன் கெட்டவன் இல்லை. குரலில் களைப்புத்தான் இருந்தது. தினமும் பச்சை முகம் வந்துகொண்டிருக்கிறது. பச்சை முகத்தை எதிர்த்து எந்தப் பிள்ளை கேள்வி கேட்பான்? ஆனால் எனக்கு வந்த கோபத்தில் இது எதுவும் உறைக்கவில்லை.

"நிம்மதியா இருக்கிறவங்க பேசுவாங்க தம்பி" என்றேன். "உங்க அம்மா எல்லாத்துக்கும் சரி சரிங்கிறாங்க. உங்களைத் திட்டி எத்தனை நாளாச்சு, யோசிச்சுப் பாருங்க. ஒரு மணி நேரம் இங்க வந்து பக்கத்துல உக்காருங்க. போன்ல நக்கோ, போன் வேண்டாம், நேர்ல வாங்க."

அடுத்த சனிக்கிழமை வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். தாடி முன்பைவிட வளர்ந்து நெஞ்சைத் தொடப் பார்த்தது. அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஆபீஸ் பற்றிச் சொன்னான், சரி என்றாள். குழந்தைக்குப் பரீட்சை என்றான், சரி என்றாள். நான் என் கட்டிலில் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் ஆனது. அவன் தாடியைத் தடவினான். இன்னொருதரம் தடவினான். காத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. கடைசியில் அவனே கேட்டுவிட்டான்.

"யம்மா, தாடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குய்யா" என்றாள் அக்கா.

அவன் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டான். பிறகு நர்ஸ் மேசைக்குப் போய், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டான்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். முதலில் மதியத்தது கால் ஆயிற்று. பிறகு இரவுக்கு மட்டும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். டாக்டர் இதற்கு மனமில்லாமல்தான் ஒத்துக்கொண்டார். மூன்று நாள் மஞ்சள் விழுந்தால் மறுபடி ஆரம்பித்துவிடுவேன் என்று சொல்லிவைத்தார். நான் தினமும் ஐந்து மணிக்கு அட்டவணைக்குக் கீழே போய் நின்றேன். அக்கா இட்லியைத் தள்ளி வைத்தால் உள்ளுக்குள் சந்தோஷமும், ஆயாம்மா பார்த்துவிடுவாளோ என்ற பயமும் சேர்ந்து வரும். பாதி இட்லியை நானே சாப்பிட்டுத் தட்டைக் காலி செய்திருக்கிறேன். தரப் பரிசோதனைப் பிரிவில் இதற்குப் பெயர் வேறு. அங்கே இதைச் செய்தவர்களை நான் சும்மா விட்டதில்லை.

கூடவே வேறொரு பயமும் இருந்தது. அவன் அந்தப் பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தால்? தெரிந்துகொண்டேதான் என் பக்கத்தில் சரி சரி என்று உட்கார்ந்திருந்தாளா? நானாகச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயைத் திறந்தேன். ஒவ்வொருமுறையும் டீ வேண்டுமா என்று கேட்டு முடித்தேன்.

நான்காவது வாரத்தில் ஒருநாள் அக்கா வாயைத் தானே துடைத்துக்கொண்டாள். இன்னொரு நாள் ஆயாம்மா தலைவாரிவிட வந்தபோது சீப்பைப் பிடுங்கிக்கொண்டாள். மாத்திரை முழுக்க நின்று ஒரு வாரம் ஆனது. மதியம் சாப்பிட்டுவிட்டு நான் படுத்திருந்தேன். தூங்கவில்லை, எனக்கு அந்த நேரத்தில் தூக்கம் வருவது எப்போதோ போய்விட்டது. கடிகாரத்தில் இரண்டரை. பக்கத்துக் கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

குரல் முதலில் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு வந்தது.

"பக்கத்துக் கட்டிலுக்குப் படிச்ச பொம்பள வாச்சாளே,
கருப்பட்டி முட்டாயி தின்னுக்கிட்டே கணக்கெடுத்து வச்சாளே,
கைக்கெடிகாரம் பாத்துக்கிட்டு காத்துக் காத்துக் கெடந்தாளே,
பன்னெண்டு நிமிசமின்னு பொஸ்தகத்துல போட்டாளே,
பெத்தபய வாசிச்சான், கேட்டு நா முழிச்சனே,
அர மாத்திரயக் குடுத்து ஒங்க மொகத்த மறக்கவச்சாளே,
என்னப் பெத்த ராசாவே, நா என்னத்தச் சொல்லுவேன்..."

என் பக்கம் திரும்பவே இல்லை. செத்துப்போன புருஷனிடம், எல்லாவற்றையும் சொல்வதுபோல, என்னைப் பற்றியும் சொன்னாள். பீரோ சாவி, மிக்ஸி ரசீது, மருமகள், வரிசையில் இப்போது நான். எனக்கு ஆறு அடி. மருமகளைவிட இரண்டு அதிகம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண் கலங்குவது, கைக்குட்டையால் ஒற்றிக்கொள்வது, அந்த மாதிரி இல்லை. தோள் குலுங்க, சத்தம் வர, மூக்கு ஒழுக அழுதேன். முதலில் அவளுக்காக. கொஞ்ச நேரத்தில் பார்த்தால், என் அண்ணனுக்காக அழுதுகொண்டிருந்தேன். பெட்டியை மூடினார்கள், நான் எழுத்துப் பிழை திருத்தினேன், அண்ணா, உன் முகத்தைக் கடைசியாக நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பாட்டாக வரவில்லை. எனக்கு அது தெரியாது. வெறும் சத்தம்தான் வந்தது.

சத்தம் கேட்டு ஆயாம்மா ஓடி வந்தாள். அக்காவைப் பார்த்துப் பழகியவள். நான் அழுவதைப் பார்த்துத்தான் அப்படியே நின்றுவிட்டாள். "கைக்கு அம்மா, கைக்கு?" என்று, ஏன் அழுகிறேன் என்பதை ஹைதராபாத் உருதுவில் கேட்டாள். கையில் ஒட்டும் முகங்களின் தாள். அதில் சிவப்பை அவள் கட்டைவிரல் தேடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். நான்தான் என் கையெழுத்து. அப்போது யாராவது ஒரு படிவத்தை நீட்டியிருந்தால் படிக்காமலே போட்டிருப்பேன்.

அக்கா பாட்டை நிறுத்தினாள். முகத்தைத் துடைத்தாள். கொண்டையைப் போட்டுக்கொண்டே ஆயாம்மாவைப் பார்த்தாள்.

"அத எழுதாத. அவ பத்து நிமிசம் அழட்டும், சரியாயிருவா. பொறவு டீ கொண்டா."

ஆயாம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அக்கா இரண்டு கையிலும் பத்து விரலை விரித்துக் காட்டினாள். பிறகு டம்ளர் பிடிப்பதுபோல் காட்டினாள். பிறகு கட்டிலிலிருந்து இறங்கி வந்து, என் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றித் தன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டீ வந்தது. அன்றைக்கு நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. மாலையில் என் கட்டத்தில் எந்த முகத்தை ஒட்டினார்கள் என்றும் நான் போய்ப் பார்க்கவில்லை. முப்பத்துநான்கு வருட உத்தியோகத்தையும் சேர்த்து, நான் சரிபார்க்காமல் விட்ட முதல் அட்டவணை அதுதான்.